மாதவிடாய் நின்றால் பாட்டி வேலை மட்டும்தானா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 48 வயது. ராஜபாளையம் பக்கம். வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பெண்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். ஒன்பது மாதமாக எனக்குத் தீட்டு வரவில்லை. காப்பர் டி எடுத்து மூன்று வருடம் ஆகிறது. நான்காவது மாதம் பயந்துபோய் யாருக்கும் தெரியாமல் மெடிக்கலில் கிட் வாங்கிப் பார்த்தேன், ஒரு கோடுதான் வந்தது. அப்போதுதான் மகளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கூடவே எனக்கும் என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா?

மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். குழந்தை பிறந்ததும் நான் கடையை மூடிவிட்டு அங்கேயே வந்துவிட வேண்டும் என்கிறார்கள். மருமகன் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை அனுப்பி, "அத்தை, பேரப்பிள்ளையை வளர்க்கத்தான் இயற்கையே பொம்பளைங்களுக்கு மாதவிடாயை நிறுத்துதாம்" என்கிறார். அது உண்மையா?

இன்னொன்று. என் தங்கைக்கு 44 வயது, லேட்டாகத்தான் கல்யாணம் ஆனது. டோனர் முட்டை, அதாவது வேறொரு பெண் தரும் முட்டை வைத்துக் குழந்தை பெறலாம் என்று அவள் டாக்டர் சொல்கிறார். "இயற்கை சாத்தின கதவைத் திறக்கக் கூடாது" என்கிறார் அவள் மாமியார். யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த அந்தக் கிட் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மருமகன் அனுப்பிய கட்டுரை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

நீங்கள் வாங்கிப் பார்த்தது சரி. ஒன்பது மாதம் வரவில்லை என்றால் நின்றுவிட்டது என்று கணக்கில்லை. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நாங்கள் 'மெனோபாஸ்' என்று எழுதுவோம். அதுவரை சினைப்பை, மூடப்போகிற கடை மாதிரி. பல நாள் ஷட்டர் இறங்கியே கிடக்கும், திடீரென்று ஒருநாள் திறந்து ஒரு முட்டையை வெளியே அனுப்பிவிடும். 50 வயதுக்குள் நிற்கிறவர்கள் கடைசித் தீட்டிலிருந்து இரண்டு வருடமும், 50-க்கு மேல் நிற்கிறவர்கள் ஒரு வருடமும் தடுப்பு முறையை விடக் கூடாது. உங்கள் விஷயத்தில் ஆணுறை போதும், கணவரிடம் பேசுங்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஓர் அம்மா வந்தார். வயிற்றில் கட்டி என்று அவரே முடிவு செய்துகொண்டு, மருமகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஸ்கேன் திரையைத் திருப்பி இதயத்துடிப்பைக் காட்டினேன். படுத்தபடியே சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "டாக்டரம்மா, வெளிய உக்காந்திருக்கிறவகிட்ட கட்டின்னே சொல்லிருங்க" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

முழுதாக ஒரு வருடம் நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் உடனே வந்து காட்டுங்கள். "மறுபடி வயசு திரும்புது" என்று யாராவது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நம்பாதீர்கள்.

இனி மருமகன். அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் உங்கள் கடைச் சாவி அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் மகள் எந்த முட்டையிலிருந்து உண்டானாளோ, அந்த முட்டை எப்போது உருவானது தெரியுமா? நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் சிசுவாக இருந்தபோது. பெண் சிசுவுக்கு ஐந்து மாதம் ஆகும்போது அதன் இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும். வாழ்நாளிலேயே அதுதான் உச்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம், தீட்டு நிற்கும் சமயத்தில் ஆயிரம்கூட மிஞ்சாது. வெளியே வந்து கருவாகும் வாய்ப்பைப் பெறுபவை மொத்தமே 400, 500 தான். மற்றவை எல்லாம் சத்தமில்லாமல் கரைந்துபோகும். நம் நாட்டுப் பெண்களுக்கு இந்தக் கையிருப்பு சராசரியாக 46, 47 வயதில் தீருகிறது, மேலை நாடுகளில் 51 வாக்கில்.

இருப்பு குறைவது ஒன்று. இருக்கிற முட்டைகளும் பழசாகின்றன. முட்டைக்குள் குரோமோசோம்கள் என்னும் மரபு இழைகள் ஜோடி ஜோடியாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கும். கட்டு போட்டது சிசுவாக இருந்தபோது, அவிழ்ப்பது முட்டை வெளிவரும் மாதத்தில். இடையில் நாற்பது வருடம் அப்படியே கிடக்கும். நீங்கள் துணியோடு பழகுகிறவர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீரோவில் நாற்பது வருடம் மடித்தே வைத்த கல்யாணப் பட்டு எங்கே கிழிகிறது? உடலில் இல்லை, மடிப்பில். முட்டையிலும் அந்தக் கட்டுகள்தான் இற்றுப்போகின்றன. பிரியும்போது ஒரு குரோமோசோம் தப்பான பக்கம் போய்விடுகிறது. அப்படி ஒன்று கூடிப்போய் வருவதுதான் டவுன் சிண்ட்ரோம். 25 வயதுத் தாய்க்கு அந்தக் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1,250-இல் ஒன்று, 40 வயதில் நூற்றில் ஒன்று, 45 வயதில் முப்பதில் ஒன்று. இதை நினைவில் வையுங்கள், உங்கள் தங்கை விஷயத்தில் திரும்ப வரும்.

முட்டைகளை முன்கூட்டியே மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு நமக்கு மட்டும் உரியதல்ல. நம் நெருங்கிய சொந்தமான சிம்பன்சிக்கும் அதே ஏற்பாடு, ஏறக்குறைய அதே காலாவதித் தேதி. நாற்பதுகளின் கடைசியில் அதற்கும் பிள்ளைப்பேறு ஓய்ந்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், காட்டில் பெரும்பாலான சிம்பன்சிப் பெண்கள் அந்த வயதைப் பார்ப்பதே அரிது. நாம் பார்க்கிறோம், அதற்குப் பிறகும் இருபது முப்பது வருடம் நடமாடுகிறோம்.

ஆகவே "ஏன் நிற்கிறது?" என்று கேட்பதில் அவ்வளவு விஷயமில்லை. நிற்பது குரங்குக் காலத்திலிருந்து வந்த பழைய சொத்து. "நின்ற பிறகும் ஏன் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறோம்?" என்பதுதான் விசித்திரமான கேள்வி. மருமகனின் கட்டுரை தலைகீழாகப் பிடித்திருப்பது இந்த இடத்தைத்தான்.

"அதெல்லாம் மருந்து மாத்திரை வந்த பிறகு, அந்தக் காலத்தில் முப்பது வயதில் செத்துவிடுவார்கள்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அது சராசரி செய்கிற குழப்பம். பிறந்த பத்துக் குழந்தையில் நான்கு குழந்தை ஐந்து வயதுக்குள் போய்விட்டால் சராசரி ஆயுள் தரைமட்டத்துக்கு வந்துவிடும். தப்பிப் பிழைத்து நாற்பதைத் தொட்ட பெண்ணுக்கு அறுபது, எழுபது என்பது அன்றும் சாதாரணம். ஆஸ்பத்திரியே பார்க்காத வேட்டைச் சமூகங்களின் இறப்புக் கணக்கைத் தொகுத்துப் பார்த்தபோது, வளர்ந்தவர்கள் அதிகமாகச் சாகும் வயது 70-ஐ ஒட்டியே இருந்தது. கிழவிகள் என்றைக்கும் இருந்திருக்கிறார்கள்.

நம் புலவர்களுக்கு மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம் வகுத்தார்கள். பேரிளம்பெண் 40-இல் முடிகிறாள். அதற்கு மேல் உள்ளவளுக்குப் பெயரே வைக்கவில்லை! வாழ்க்கையில் பாதி, பெயரில்லாத பருவம்.

அந்தப் பருவத்துக்குக் கவனம் கிடைத்தது வெகு பிந்தி. 1957-இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர், வயதான காலத்தில் ஆபத்தான பிரசவத்தில் இறங்குவதைவிட, இருக்கிற பிள்ளைகளைக் கரையேற்றுவது லாபம் என்பதால் உடம்பு நிறுத்திக்கொள்கிறதோ என்று கேட்டார். 1980-களின் நடுவில் மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் கூட்டாளிகளும் தான்சானியாவில் எயாசி ஏரிப் பக்கம் வாழும் ஹட்சா மக்களிடம் போய் உட்கார்ந்து, யார் எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள், எவ்வளவு உணவு கொண்டுவருகிறார்கள் என்று எழுதினார்கள்.

ஹட்சாக்கள் விவசாயம் செய்வதில்லை. ஆண்கள் வில்லோடு போவார்கள், தேனும் கறியும் கிடைத்தால் உண்டு, கிடைக்காத நாள் நிறைய. தினசரிச் சோறு என்பது பெண்கள் தோண்டி எடுக்கும் கிழங்கு. கூராகச் சீவிய ஒரு கம்பு, அதுதான் கருவி. கிழங்கு கல்லிடுக்கில் ஆழமாக ஓடியிருக்கும். உட்கார்ந்த நிலையில் மண்ணைக் குத்திக் குத்திக் கல்லை நெம்பி எடுக்க வேண்டும். நெருப்பில் வாட்டித் தோலை உரித்து மென்று, நாரைத் துப்புவார்கள். சின்னப் பிள்ளைகளால் பெர்ரிப் பழம் பறிக்க முடியும், இந்தக் கிழங்கைத் தோண்ட முடியாது. தெம்பும் பழக்கமும் வேண்டும். அறுபது வயதுப் பாட்டிகள் இளம் பெண்களைவிட அதிக நேரம் தோண்டினார்கள். கைக்குழந்தை இல்லாதபோது ஒரு பெண் எவ்வளவு தோண்டுகிறாளோ, அதைப் பொறுத்தே அவள் மூத்த பிள்ளையின் எடை ஏறியது. அடுத்த குழந்தை பிறந்து அவள் மடியில் பால் குடிக்க ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு மாறியது. பால் மறந்த பிள்ளையின் எடை பாட்டியின் உழைப்பைப் பொறுத்ததாகிவிட்டது.

இதிலிருந்துதான் 'பாட்டிக் கருதுகோள்' பிறந்தது. பாட்டி சோறு போட்டால் தாய் சீக்கிரம் அடுத்த பிள்ளையைப் பெறலாம். சிம்பன்சித் தாய் ஐந்தாறு வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும், அதற்கு உதவிக்கு ஆள் இல்லை. திடமான பாட்டி உள்ள வீட்டில் பேரப்பிள்ளைகள் அதிகம் பிழைத்தன, அவளுடைய நீண்ட ஆயுளையும் அவர்கள் உடம்பில் கொண்டுபோனார்கள். முட்டைக் கையிருப்பு பழைய இடத்திலேயே நிற்க, ஆயுள் மட்டும் தலைமுறை தலைமுறையாக நீண்டது என்பது அவர்கள் வாதம்.

எழுத்துச் சாட்சியும் உண்டு. பின்லாந்திலும் கனடாவிலும் 18, 19-ஆம் நூற்றாண்டுத் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டிய மிர்க்கா லாடன்பெராவும் விர்ப்பி லும்மாவும் 2004-இல் சொன்னது: 50 வயதுக்கு மேல் ஒரு பெண் வாழும் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் அவளுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் கூடுதல். காம்பியாவில் 1950-இலிருந்து கால் நூற்றாண்டு பதிந்துவைத்த கிராமக் கணக்கில், ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகள் பிழைக்க அம்மாச்சி இருப்பது உதவியது, அப்பத்தா இருப்பதும் இல்லாததும் ஒன்றாக இருந்தது. ஜெர்மனியின் குரும்ஹோர்ன் பகுதியில் 1720 முதல் 1874 வரையான பதிவேடு இன்னும் மோசம், அப்பத்தா உயிரோடு இருந்த வீட்டில் பச்சைக் குழந்தைகள் அதிகம் செத்தன. மருமகளைப் பிடுங்கி எடுத்தார்கள் போலிருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவரும் நம் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, விவரமானவர்கள்.

இனி உங்கள் கிட் பயத்துக்கு வருகிறேன். அம்மாவும் மகளும் ஒரே சமயத்தில் பிள்ளை பெறுவது நம் பாட்டிமார் காலத்தில் பெரிய அதிசயமில்லை. கடைக்குட்டி மாமனும் மூத்த மருமகனும் ஒரே வகுப்பில் படித்த குடும்பங்கள் எனக்கே தெரியும். கருத்தடை இல்லாத சமூகங்களில் கடைசிப் பிரசவம் சராசரியாக 40, 41 வயதில் நடந்திருக்கிறது. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு தலைமுறையும் ஒரே சமயத்தில் பிள்ளை பெற்றால் என்ன ஆகும் என்பதை அதே பின்லாந்துப் பதிவேடுகளில் 2012-இல் பார்த்தார்கள். அம்மாவும் மகளும் பெற்றால் குழந்தைகளுக்குப் பாதகம் தெரியவில்லை. மாமியாரும் மருமகளும் பெற்றால், இரு தரப்புக் குழந்தைகளும் பிழைக்கும் வாய்ப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிட்டது.

பிரிட்டனைச் சேர்ந்த கேன்ட், ஜான்ஸ்டோன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வில்லங்கத்தை 2008-லேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். வாழ வந்த மருமகளுக்கு அந்த வீட்டில் ரத்த சொந்தம் யாருமில்லை. மாமியார் பெறும் குழந்தை அவளுக்கு அந்நியம், அதனால் போட்டியில் அவள் விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் இல்லை. மாமியாருக்கோ மருமகள் பெறும் குழந்தை பேரன். எப்படியும் கால் பங்கு அவள் ரத்தம். ஆகவே விட்டுக்கொடுப்பவள் அவளாகத்தான் இருப்பாள் என்பது கணக்கு. அழகான கணக்குதான். ஆனால் தாய்மாமனைக் கட்டிய பெண்ணுக்கு மாமியார் என்பவள் சொந்த அம்மாச்சி என்ற சங்கதியை அவர்கள் நம் ஊரில் வந்து விசாரித்திருந்தால் கொஞ்சம் திணறியிருப்பார்கள்.

இதே வீட்டுச் சண்டை கடலிலும் நடக்கிறது. கனடா, அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஓர்கா என்னும் கொலைகாரத் திமிங்கிலங்களை 1970-களிலிருந்து துடுப்பு அடையாளம் வைத்து ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துவருகிறார்கள். பெண் ஓர்கா நாற்பது வயதை ஒட்டிக் குட்டி போடுவதை நிறுத்திவிட்டு எண்பதைத் தாண்டியும் வாழக்கூடியது. மகனும் மகளும் சாகும்வரை அம்மாவோடுதான் நீந்துவார்கள். சால்மன் மீன் கிடைக்காத பஞ்ச வருடங்களில் கூட்டத்துக்கு முன்னால் போவது குட்டி போடாத கிழவிகள். முப்பது வயதைத் தாண்டிய ஆண் ஓர்காவின் அம்மா செத்துப்போனால், அடுத்த ஒரு வருடத்துக்குள் அவன் சாகும் அபாயம் 14 மடங்கு. (அம்மா பிள்ளைகள் எல்லா இனத்திலும் உண்டு.) அம்மாவும் மகளும் ஒரே காலத்தில் ஈன்றால், அம்மாவின் குட்டி சாகும் அபாயம் மகளின் குட்டியைவிட 1.7 மடங்கு என்று 2017-இல் கண்டார்கள். பல்லுள்ள திமிங்கிலங்களில் மெனோபாஸ் உள்ள இனங்கள் ஐந்து. அவற்றை மற்ற இனங்களோடு ஒப்பிட்டு 2024-இல் வந்த ஆய்வு, பிள்ளைபெறும் காலம் சுருங்கவில்லை, அதற்குப் பிந்திய ஆயுள்தான் சுமார் 40 வருடம் நீண்டிருக்கிறது என்றது. நான் மேலே சொன்னதும் இதுதான்.

எல்லாம் பாட்டிக்குச் சாதகமாகவே போகிறதே என்று மருமகன் சந்தோஷப்பட வேண்டாம். உகாண்டாவின் கிபாலே காட்டில் ங்கோகோ என்ற இடத்துச் சிம்பன்சிகளைப் பற்றி 2023-இல் வெளியான ஆய்வு, இந்தக் கதையில் ஒரு கல்லைப் போட்டது. அங்கே தின்பதற்குப் பழம் நிறைய, சிறுத்தை இல்லை. அதனால் பெண்கள் ஐம்பதைத் தாண்டி வாழ்கிறார்கள், சிறுநீரில் ஹார்மோனைப் பார்த்தால் நம்மைப் போலவே மெனோபாஸ். வளர்ந்த பிறகான ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு அப்படிக் கழிகிறது. ஆனால் அவர்கள் பாட்டி வேலை ஒன்றும் பார்ப்பதில்லை. மகள்கள் வயதுக்கு வந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடுகிறார்கள், பேரப்பிள்ளை யாரென்றே தெரியாது. இன்னொரு பக்கம் யானை. மியான்மரின் மரக்கூப்பு யானைகளில், பாட்டி பக்கத்தில் இருந்தால் இளம் தாயின் கன்று பிழைப்பது வெகுவாகக் கூடுகிறது. ஆனால் அந்தப் பாட்டி யானை கன்று ஈனுவதை நிறுத்துவதில்லை. பாட்டியாக இருக்க மாதவிடாய் நிற்க வேண்டியதில்லை, நின்றால் பாட்டி வேலை பார்த்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், பாட்டிகளின் உழைப்பு நம் ஆயுளை நீட்டியது என்பதை நான் நம்புகிறேன். "இதற்காகத்தான் நிற்கிறது" என்ற வாக்கியத்தை நம்பவில்லை. பரிணாமத்தில் "அதற்காக" என்பதே கிடையாது. பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது உண்டு, அவ்வளவுதான். அதை எடுத்து இன்றைக்கு ஒரு பெண்ணின் தலையில் கடமையாகக் கட்ட முடியாது. காட்டில் ஆண் இருபது வயதில் வேட்டையில் செத்ததும் இயற்கைதான். அதற்காக மருமகனை யாரும் ஈட்டியோடு அனுப்பவில்லையே.

கட்டுரையை மருமகன் இன்னும் கவனமாகப் படித்திருந்தால் ஒன்று புரிந்திருக்கும். அந்த ஹட்சாப் பாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்ததால் பேரன் எடை ஏறவில்லை. அவள் கம்பை எடுத்துக்கொண்டு வெயிலில் போய்த் தோண்டிக் கொண்டுவந்ததால் ஏறியது. அவள் வேலைக்குப் போன பாட்டி. உங்கள் கையில் இருக்கும் தோண்டுகோல் உங்கள் தையல் மெஷின். அதைப் பறித்துவிட்டு "இயற்கைப்படி பாட்டியாக வா" என்பது எந்த இயற்கையிலும் இல்லை.

பேச வேண்டியதை இப்படிப் பேசிப் பாருங்கள். பிரசவம் உங்கள் வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, நீங்கள் முடிவு செய்யும் மாதம்வரை மகளும் குழந்தையும் உங்களோடு. அந்தக் காலத்தில் மெஷினை உங்களிடம் வேலை செய்யும் பெண்களே ஓட்டட்டும், வெட்டுவதை மட்டும் நீங்கள் பாருங்கள். 2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மகளின் ஆபீஸில் அது இருக்கிறதா என்று மருமகன் விசாரிக்கட்டும். வாட்ஸ்அப்பில் பாட்டிகளைப் பற்றித் தேடிய நேரத்தில் பாதி போதும். அதற்குப் பிறகும் போக வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்தால் போங்கள், பேரப்பிள்ளை ஆசை என்பது சின்ன விஷயமில்லை. ஆசைக்குப் போவது வேறு, அறிவியல் சொன்னது என்று போவது வேறு.

தங்கை. இங்கே அவள் மாமியார் சொல்வது தப்பு, அவள் டாக்டர் சொல்வதும் முழுதாக இல்லை.

மாமியார் சொல்லும் கதவு எது? 44 வயதில் தீருவது முட்டை. கர்ப்பப்பைக்கு அந்த மாதிரிக் காலாவதி இல்லை, ஹார்மோன் கொடுத்தால் அது தயாராகிவிடும். 2019-இல் குண்டூரில் 74 வயதுப் பெண்மணி டோனர் முட்டையில் இரட்டைக் குழந்தைகள் பெற்றது செய்தியில் வந்ததே, அது அப்படித்தான். (முடியும் என்பதற்காகச் செய்யலாமா என்று அன்றைக்கு மருத்துவர்கள் நாங்களே அடித்துக்கொண்டோம். எனக்கு அது சரியென்று படவில்லை.) அதற்குப் பிறகு 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று மேல்வரம்பு போட்டுவிட்டது. முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு தடவைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. "டோனர் நிறையப் பேர் இருக்காங்க, கவலைப்படாதீங்க" என்று எந்த இடத்திலாவது தாராளமாகச் சொன்னால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

சொந்த முட்டையில் முயல்வேன் என்று அவள் பிடிவாதம் பிடிக்கலாம், பலரும் பிடிப்பார்கள். 44 வயதில் ஐவிஎஃப் என்னும் சோதனைக்குழாய் முயற்சி நூற்றில் ஐந்துக்குப் பக்கத்தில்தான் குழந்தையாக முடியும், பாதிக்கு மேல் கரு தங்காது. பட்டுப் புடவை மடிப்பு நினைவிருக்கிறதல்லவா? டோனர் முட்டை என்றால் அந்தக் குரோமோசோம் அபாயம் முட்டை தந்தவரின் வயதுக்கு இறங்கிவிடும். ஆனால் அவள் டாக்டர் சொல்லாமல் விட்டது இது: ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, குறைமாதம், ஆபரேஷன் இவையெல்லாம் தாயின் வயதோடுதான் போகும், முட்டையின் வயதோடு அல்ல. ஆரம்பிப்பதற்கு முன் இதயத்துக்கு எக்கோ, சர்க்கரை, தைராய்டு, மார்பக ஸ்கேன் எல்லாம் எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு கருவைத்தான் வைக்கச் சொல்ல வேண்டும். "ஒரே செலவில் ரெட்டைப் பிள்ளை" என்ற ஆசை யாருக்கும் வரும். 44 வயது இதயத்துக்கு அது இரட்டைச் சுமை.

நாற்பதுக்கு மேல் பெற்றவர்கள் நூறு வயது வாழ்வார்கள் என்றும் யாராவது உங்களுக்கு அனுப்பக்கூடும். நூறைத் தொட்ட அமெரிக்கப் பெண்களில், நாற்பதுகளில் பிள்ளை பெற்றவர்கள், எழுபதுகளில் இறந்த பெண்களில் இருந்ததைவிட நான்கு மடங்கு அதிகம் என்று 1997-இல் ஓர் ஆய்வு வந்தது நிஜம். அவர்கள் இயல்பாகக் கருத்தரித்தவர்கள். மெதுவாக மூப்படைகிற உடம்பு இரண்டையும் கொடுத்தது. டோனர் முட்டைக்கு அந்தப் பலன் ஒட்டாது.

தாமதமாகத் தாயாகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கர்ப்பப்பையைப் பற்றியல்ல, "உங்க அம்மாவுக்கு என்ன வயசு?" என்பதைத்தான். 25-இல் பெற்றவளுக்கு ஐம்பது வயது அம்மா துணைக்கு வருவாள். 45-இல் பெற்றால் அம்மாவே எழுபதைத் தாண்டியிருப்பாள், அவளையும் சேர்த்து யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் குடும்பத்தில் அந்த இடத்தில் இருக்கப்போவது நீங்கள், அந்தக் குழந்தைக்குப் பெரியம்மா. ஆகவே பெங்களூருக்கு எத்தனை மாதம் என்று வாக்குக் கொடுப்பதற்கு முன் தங்கையின் தேதிகளையும் கேட்டுவிடுங்கள்.

அவளைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது தனியாக அனுப்பாதீர்கள், கணவரும் கூட வரட்டும். அவர் வயதை நீங்கள் எழுதவில்லை. லேட் கல்யாணம் என்கிறீர்கள், அவருக்கு 55-ஐ நெருங்கிக்கொண்டிருந்தால் மாமியார் சாத்துவதற்கு முன்னால் சட்டமே கதவைச் சாத்திவிடும்.